பிரிஸ்பேனிலிருந்து வந்த பத்து டிகிரிச் சட்டம்

ஔலு, பின்லாந்து,
பிப்ரவரி 9, 1994

அன்புள்ள எய்ராவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் இருக்கிறோம், என் மூட்டு வலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அந்த வெயிலில் வாடாமல் வதங்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, விஷயம்தான் கண்றாவி. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் அம்மா சைக்கிளைத் தொடக் கூடாது என்று நீயும் உன் அண்ணன் அன்டெரோவும் டெலிபோனில் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறீர்களாம், அடேயப்பா, பெரிய பார்லிமென்ட். போன ஜூலையில் நீயே எழுதியிருந்தாய், உங்கள் ஊரில் இரவு பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிட்டது, மாப்பிள்ளை இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தார் என்று. மைனஸ் பன்னிரண்டு இல்லையடி, வெறும் பன்னிரண்டு. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் குளிர்ச் சட்டம் எழுதுகிறாய். இமையில் பனி ஒட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திய பெண் நீதானா அல்லது நான் வேறு யாரையாவது பெற்றேனா? கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னால் சைக்கிளைக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தது உண்மைதான். பிறந்ததிலிருந்து நீங்கள் இருவரும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனதில்லை என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது. இப்போது பார்த்தா ஒத்துப்போக வேண்டும்? ஈஸ்டருக்கு வரும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் யாருக்காவது கொடுத்துவிடுவானாம் உன் அண்ணன், உன் கடைசிச் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறானாம். அவனுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படி.

முதலில் இந்த விஷயத்தை அவன் காதில் ஓதியது யார் என்று சொல்கிறேன். வேறு யார், நம் மாடியில் இருக்கிற லெம்பிதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை அதட்டிவிட்டு ஓய்வு பெற்றவள், இப்போது அதட்ட ஆள் இல்லாமல் எங்களை அதட்டுகிறாள். கீழே மாடிப்படி ஓரத்து அறிவிப்புப் பலகையில், மைனஸ் இருபதுக்குக் கீழே முதியவர்கள் சைக்கிள் ஓட்டுவதைத் தவிர்க்கவும் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறாள், பெயர் போடவில்லை. அந்தக் கையெழுத்தை யாருக்குத்தான் தெரியாது? இந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்ததே அவள்தான். வெள்ளிக்கிழமை பெண்கள் முறையில் சவுனா நீராவிக் குளியலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நம்ம வயசுக்கு ஒரு வரைமுறை வேணும் ஹில்க்கா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னு ஆரம்பித்தாள். நானும் விடவில்லை, உன் தெர்மாமீட்டர் அடுப்படி ஜன்னல்ல தொங்குதுடி, அது காட்டறது வெளிக்குளிர் இல்ல, உன் உருளைக்கிழங்கு வேகுற சூடு, அதை வச்சு ஊருக்குச் சட்டம் போடறியான்னு கேட்டேன். முகம் சிவந்துபோயிற்று, சவுனாவில் எல்லோருக்கும்தான் சிவக்கும், ஆனால் அவளுக்கு ஒரு மாற்று அதிகமாகவே சிவந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இவள் காலையில் எழுந்ததும் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பது தெர்மாமீட்டரை அல்ல, முற்றத்துப் பனியில் என் சைக்கிள் தடம் விழுந்திருக்கிறதா என்றுதான். நான் போயிருந்தால் இவளும் போவாள், சட்டமாவது மண்ணாவது. நான் போகாவிட்டால், பார், ஹில்க்காவே போகலை என்று நிம்மதியாக பஸ்ஸுக்குப் போவாள். இந்த ஊர் முழுக்க இந்த வியாதிதான். குளிர் யாருக்கும் பயமில்லை, முதல் ஆளாக பஸ் ஸ்டாப்பில் நிற்பதுதான் பயம். அப்படிப்பட்டவள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அன்டெரோவின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, மைனஸ் இருபத்தைந்தில் உங்கம்மா பாலத்து மேல போறாங்க என்று அவனுக்கு வத்தி வைத்திருக்கிறாள்.

அவனுக்கு அது போதாதா? ஹெல்சிங்கிக்குப் போய்ப் பதினைந்து வருஷத்தில் அவன் முழுத் தெற்கத்தி ஆளாகிவிட்டான், அங்கே மைனஸ் ஐந்து என்றால் ரேடியோவில் எச்சரிக்கை சொல்கிறார்களாம். நான் விழுந்த கதையை அவன் உனக்கு எப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். வயதானவள், கடும் குளிர், பனி வழுக்கியது, கை முறிந்தது, அவ்வளவுதானே? நான் சொல்கிறேன் கேள். முந்தின வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தானா, என் சைக்கிள் வெளியே பனியில் நிற்பதைப் பார்த்து உருகிப்போய்விட்டான். ராத்திரி எனக்குச் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்கட்டுக்குக் கீழே வெந்நீர்க் குழாய் ஓடுகிற ரேடியேட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறான், பாவம் அதுக்குக் குளிருமாம். சக்கரத்தில் ஒட்டியிருந்த பனியெல்லாம் உருகிப் பின் சக்கரத்து அச்சுக்குள் தண்ணீராக இறங்கிவிட்டது. காலையில் நான் பார்க்கிறேன், துடைத்து வைத்த மாதிரிப் பளபளவென்று நிற்கிறது, இவன் பக்கத்தில் நின்று ஏதோ கன்றுக்குட்டியைக் காப்பாற்றிய மாதிரி இளிக்கிறான். ஔலுவில் பிறந்து, பத்து வயது வரை என் பின்னால் சைக்கிளில் வந்த பிள்ளை செய்கிற வேலையா இது? குளிரில் நிற்கிற சைக்கிளைக் குளிரிலேயே விட வேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். நேரமாகிவிட்டதே என்று நானும் ஏறிக் கிளம்பினேன். மைனஸ் இருபத்திரண்டு, ஆற்றுக் காற்று வேறு, அச்சுக்குள் போன தண்ணீர் பாலம் தாண்டுவதற்குள் கட்டியாகிவிட்டது. பாலத்துக்கு அப்புறம் ரோட்டுக்கு அடியில் இறங்குகிற சரிவு உனக்கு ஞாபகம் இருக்கும், அங்கே பிரேக் பிடிக்கப் பெடலைப் பின்னால் மிதித்தால் ஒன்றையும் காணோம், காற்றை மிதித்த மாதிரி சுற்றுகிறது. நேரே போய்ப் பனிக்குவியலில் சொருகிக்கொண்டேன். என் கையை முறித்தது குளிர் இல்லையம்மா, உன் அண்ணன் மனசு இரங்கிக் கொடுத்த கதகதப்பு. இதை அவனிடம் சொன்னால், எப்படியிருந்தாலும் உனக்கு வயசாயிடுச்சில்லம்மா என்கிறான். வயசு அச்சுக்குள்ளயா தண்ணி ஊத்துச்சுன்னு கேட்டேன், டெலிபோனை சிர்பாவிடம் கொடுத்துவிட்டான். மருமகள் வழக்கம்போல வானிலை விசாரித்தாள்.

இந்த வீட்டில் எது சைக்கிள் ஓட்டக்கூடாத குளிர் என்று என்றைக்கும் முடிவு செய்தது உங்கள் அப்பாதான், அவர் தெர்மாமீட்டரைப் பார்த்து நான் பார்த்ததில்லை. காலையில் தொப்பி இல்லாமல் வாசலுக்குப் போய் மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். மூக்கு முடி ஒட்டிக்கொண்டால் மஃப்ளர், இரண்டாவது இழுப்பில் நெற்றிப்பொட்டு வலித்தால் பிள்ளைகளுக்கு பஸ் காசு, அவ்வளவுதான் சட்டம். பஸ் காசு கிடைத்த நாட்களில் நீ அழுதாய், அன்டெரோ குதித்தான், அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் இவன் எங்கே போய்ச் சேருவான் என்று. இப்போது அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் மாடி அறையில் இருக்கிறார், உனக்குத் தெரிந்ததுதான், தெரியாதது மீதி. தினம் பதினோரு மணிக்கு நான் கேட் வழியாகச் சைக்கிளில் நுழைவேன், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், நான் மேலே ஏறிப்போவதற்குள் அறையில் எல்லோரிடமும், என் பொண்டாட்டி வந்துட்டா, காபி போடுங்க என்று சொல்லிவைத்திருப்பார். என் கை கூடிய பிறகுதான் அவர் அங்கே போனார், அன்றிலிருந்து இப்படித்தான். மற்றவர்களை மறந்துபோனார், என்னை மறக்கவில்லை என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அன்டெரோ போனால் அவனை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு நாக்கை நீட்டிக் காட்டுகிறார், அதில் உன் அண்ணனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை வேறு.

போன மாதம் ஒருநாள் மைனஸ் முப்பத்தொன்று. லெம்பியின் உருளைக்கிழங்குக் கணக்கு இல்லை, நிஜமான முப்பத்தொன்று. நான் முட்டாள் இல்லை எய்ரா, வாசலில் நின்று அப்பா மாதிரியே மூக்கால் இழுத்துப் பார்த்தேன், நெற்றிப்பொட்டில் ஊசி குத்தியது. சரி, இன்றைக்கு ஒருநாள் பஸ் என்று மஃப்ளரைக் கண்வரை சுற்றிக்கொண்டு போனேன். ஸ்டாப்பில் ஏற்கெனவே ஒரு உருவம், அதுவும் கண்வரை சுற்றிக்கொண்டு, அந்தப் பச்சைக் கம்பளித் தொப்பியை வைத்துக்கொண்டு யாரை ஏமாற்ற முடியும்? நான் அவளைப் பார்க்கவில்லை, லெம்பியும் என்னைப் பார்க்கவில்லை. ஒரே பஸ்ஸில் ஏறி, அவள் முன்னால், நான் பின்னால், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனோம், இத்தனைக்கும் ஜன்னலில் ஒரே பனி, ஒன்றும் தெரியவில்லை. பஸ் அந்த இல்லத்துக்குப் பின்பக்கம்தான் நிற்கும், நான் பின்வாசல் வழியாக மாடிக்குப் போனேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்த் தோளைத் தொட்டதும் திரும்பி, எழுந்து நின்று, வாங்கம்மா, உக்காருங்க, நல்ல குளிர், இல்லையா என்று மரியாதையாகச் சொன்னார். அப்புறம், நீங்க தப்பா நினைக்கக் கூடாது, என் பொண்டாட்டி வர்ற நேரம், நான் கொஞ்சம் ஜன்னல் பக்கம் இருக்கணும் என்றார். நான் சிரித்தேன், கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஏங்க, நான்தாங்க ஹில்க்கா என்றேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார், உன் அப்பா யார் மனதும் நோகப் பேச மாட்டாரே, அவளுக்கும் இதே பேர்தாங்க என்றார்.

சால்மன் மீன் சூப் வந்தது, தொடவில்லை. அவ வராம நான் எப்படிச் சாப்பிடறது என்கிறார். நேரம் போகப் போக எழுந்து நின்றுகொண்டு கண்ணாடியில் மூச்சுவிட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். பாலத்துல விழுந்துட்டாளோ, யாராவது போய்ப் பாருங்களேன் என்று என்னிடமே கெஞ்சினார், கண்ணில் தண்ணீர். அங்கே வேலை பார்க்கிற ரித்வா நல்ல பெண், என்னைக் கதவுக்கு வெளியே அழைத்து, ஹில்க்காம்மா, என் சைக்கிள் கீழே நிக்குது, பூட்டலை, சீட்டு கொஞ்சம் உயரம், பார்த்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பின்வாசலால் இறங்கிப் போய் அந்தச் சைக்கிளை எடுத்துக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து ஏறி உள்ளே ஓட்டினேன். முப்பத்தொன்றில் டயர் கூட முனகுகிறது. மேலே ஜன்னலை அவர் படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டது. மூச்சிரைக்க மாடி ஏறிப் போனேன், கதவிலேயே நின்றுகொண்டிருந்தார், என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏண்டி, உனக்குப் பைத்தியமா, கன்னம் கட்டையாயிருக்கு பாரு, இந்தக் குளிர்ல யாராவது சைக்கிள் எடுப்பாங்களா, நான் வேணாம்னு சொல்லலையா என்று அறை அதிரத் திட்டினார். நாற்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. ஆறிப்போன சூப்பை முழுக்கக் குடித்தார். இப்ப ஒரு அம்மா வந்திருந்தாங்க, நல்ல மாதிரி, உன்னைப் பார்க்காமலே போயிட்டாங்க என்று என்னிடம் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அன்டெரோவிடம் டெலிபோனில் இதைச் சொன்னேன். அது நோய்ம்மா, நோய் சொல்றதைக் கேட்டு நீ உசிரை விடணுமா என்கிறான், ரொம்பக் கண்டுபிடித்துவிட்டான். நோய் என்று எனக்குத் தெரியாதா? அவன் ஒரு உபாயம் வேறு சொன்னான், பெரிய சைஸில் என் போட்டோ ஒன்று எடுத்து அப்பாவின் கட்டிலுக்கு மேல் மாட்டலாமாம். மாட்டி? நான் உயிரோடு கீழே நிற்கும்போதே படமாகி மேலே தொங்க வேண்டுமா? நான் என் வழியை நானே செய்துகொண்டேன், இதை லெம்பிக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள், தெரிந்தால் எனக்கு சவுனாவில் தலைகாட்ட முடியாது. என் சைக்கிள் இப்போது இந்த வீட்டில் இல்லை, இல்லத்துச் சைக்கிள் கொட்டகையில் நிற்கிறது. தாங்கக்கூடிய குளிர் என்றால் திரும்பும்போது அதிலேயே வீட்டுக்கு வந்து மறுநாள் அதிலேயே போவேன், மூக்கு வேண்டாம் என்றால் அதை அங்கேயே விட்டு வந்து, மறுநாள் பஸ்ஸில் போய், பின்பக்கம் இறங்கி, கொட்டகையிலிருந்து சைக்கிளை எடுத்து, கேட்டிலிருந்து ஜன்னல் வரைக்கும் மட்டும் ஓட்டுகிறேன். பஸ்ஸில் போகிறவர்களை வாய் கிழியப் பேசிய நானே திருடி மாதிரி பஸ்ஸில் போகிறேன், போதுமா? உங்கள் சட்டத்தைவிடக் கேவலமான சட்டம் இது, ஆனால் இதில் அவருக்கு ஒரு பெண்டாட்டி கிடைக்கிறாள். அதிலும் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ஹீட்டர் அடுப்பாக எரிந்தது, ஜன்னலுக்குக் கீழே சைக்கிளில் வந்ததை அவர் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார், மேலே போனதும் கன்னத்தைத் தொட்டார், தொட்ட கையை எடுத்துவிட்டார். சூடா இருக்கே, நீங்க யாரு என்றார். அன்றிலிருந்து நான் இறங்கியதும் கொட்டகைக்குப் பின்னால், ஆற்றுக்காற்று அடிக்கிற பக்கம், மஃப்ளரைக் கழற்றிவிட்டுக் கன்னம் மரத்துப்போகிற வரைக்கும் நிற்கிறேன். குளிர் எப்போது அதிகம் என்று நீங்கள் எல்லோரும் எனக்கு எழுதுகிறீர்கள், நான் அங்கே நின்றுகொண்டு போதுமா போதுமா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் அண்ணனுக்கு உடனே எழுது, எனக்குச் சம்மதம் இல்லை என்று ஒரே வரி போதும், காரணம் கேட்டால் அம்மாவைக் கேள் என்று சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு, சின்னவனுக்கு முத்தம், அவனுக்குப் பின்னிய காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், அந்த ஊரில் எதற்கு என்று சிரிக்காதே. உங்கள் மூவருக்கும் என் ஆசியும் அப்பாவின் ஆசியும், எந்தக் குறையும் வராமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். இன்னும் ஒன்று, மறக்காமல் செய்ய வேண்டியது. சாயங்காலம் இருட்டியதும் அப்பா, எய்ரா பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துட்டாளா, அவளுக்கு பஸ் காசு கொடுக்காம விட்டுட்டேனே என்று தினமும் கேட்கிறார், நானும் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவைக்கிறேன். கோடையில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கோடையில் வேண்டாம், அதுவரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது, பனி இருக்கும்போதே வா. வந்து இறங்கியதும் நேரே மாடிக்கு ஓடாதே, டாக்சியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்து, ரித்வாவின் சைக்கிளைச் சொல்லி வைத்திருக்கிறேன், சீட்டு உனக்குச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஹில்க்கா